அப்பாவின் இலையில் பீட்ரூட்

பீட்ரூட்டை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ ஆசை ஆசையாய்ச் சாப்பிட்டு வளர்ந்தவள் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். காய்கறிக் கடைக்காரருக்கு மகளாகப் பிறந்து, கடையில் விற்காமல் மிஞ்சியதையெல்லாம் தட்டில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஒரே ஒரு காயையாவது வெறுக்க உரிமை உண்டு. நான் பீட்ரூட்டை எடுத்துக்கொண்டேன். காரணமும் இருந்தது. சோற்றின் ஓரத்தில் வைத்தால் அது ஓரத்தில் நிற்காது, உள்ளே ஊறிக்கொண்டே போகும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர் சாதம் ரோஸ் கலரில் இருக்கும். யூனிஃபார்மில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. எவ்வளவு கழுவினாலும் ஒரு மண் வாடை அதன் கூடவே வரும்.

அப்பாவுக்கோ அதுதான் உயிர். வாரத்தில் எத்தனை நாள் அதைப் போட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். பொரியல் தீர்ந்த பிறகு வாணலியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, சிவந்த விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிச் சாப்பிடுவார். "ஒங்கப்பாரு துன்றதப் பாத்தா நமக்கே பசிக்குது" என்று அம்மா சொல்வாள். எனக்குப் பசித்ததில்லை.

தண்டையார்பேட்டையில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், தெருவின் நடுவில் அப்பாவின் கடை. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய உறவுக்காரர்கள் எல்லோரும் இங்கே வந்து மளிகைக்கடை வைத்தார்கள். இவர் மட்டும் காய்கறி என்றார். மளிகைச் சாமான் இன்றைக்கும் அப்படியே இருக்கும், நாளைக்கும் அப்படியே இருக்கும், அதில் என்ன இருக்கிறது என்பார். காய் அப்படி இல்லை, காலையில் ஒரு முகம், சாயங்காலம் ஒரு முகம். வாடுவதற்குள் விற்க வேண்டும் என்ற அவசரம் அவருக்குப் பிடித்திருந்தது.

விடிந்ததும் கோயம்பேட்டிலிருந்து மினி லாரியில் மூட்டைகள் வந்து இறங்கும். மற்ற மூட்டைகளை யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம், பீட்ரூட் மூட்டையை அப்பாதான் அவிழ்ப்பார். எப்போதாவது தழையோடு வரும். சிவந்த காம்பும், சிவப்பு நரம்பு ஓடிய பச்சை இலையுமாக, கிழங்கை விட அதுதான் அழகு என்று நானே ஒப்புக்கொள்வேன். தெருவில் ஆடு வளர்ப்பவர்கள் கேட்டால் அப்பா முட்டைக்கோஸ் இலையைக் கொடுப்பாரே தவிர பீட்ரூட் தழையைக் கொடுக்கமாட்டார். அது கட்டாக வீட்டுக்கு வரும், பாசிப்பருப்புப் போட்டுக் கடைவதற்கு.

மூட்டை பிரித்ததும் ஒரு பீட்ரூட்டை எடுத்துக் குறுக்காக வெட்டி, வெட்டிய முகம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி குவியலின் மேலே வைப்பார். உள்ளே வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். வட்டங்களுக்கு நடுவே வெளுப்பு தெரியாமல் ஒரே சிவப்பாக இருந்தால் நல்ல காய். வெயில் ஏறியதும் அந்த முகம் காய்ந்து கறுத்துவிடும். மறுபடி மேலாக ஒரு சீவு சீவி வைப்பார். மாலைக்குள் அந்த ஒரு பீட்ரூட் சீவிச் சீவி ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அதன் பேர் விஷயத்தில் ஒருமுறை நானும் கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் டீச்சர், பீட்ரூட் என்று சொல்லாதீர்கள், செங்கிழங்கு என்று சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பெண் படித்துக்கொண்டு வந்து சொல்கிறாளே என்று மறுநாள் விலைப்பலகையில் சாக்பீஸால் செங்கிழங்கு என்று எழுதிவைத்தார். வந்தவர்கள் எல்லோரும் அது என்ன புதுக் கிழங்கு, சர்க்கரைவள்ளியா, மரவள்ளியா என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், மத்தியானமே அழித்துவிட்டுப் பழையபடி பீட்ரூட் என்று எழுதினார். தக்காளியும் உருளைக்கிழங்கும் கப்பலில் வந்தவைதான், ஆனால் அவை தமிழில் ஒரு பேர் வாங்கிக்கொண்டு வீட்டு ஆளாகிவிட்டன. கேரட், பீன்ஸ், பீட்ரூட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து இங்கிலீஷ் காய் என்று ஒரு மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். அந்தச் சொல் ஒருநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்தாக வந்து நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மா இந்த ஊர்க்காரி. திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு விற்க வருவாள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும், கூடைக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களில் குப்பத்துக்காரர்களுக்கும் காய்கறியை விட்டால் வேறு வழியில்லை. அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் அவள் அப்பாவின் கடையில் பீட்ரூட் வாங்கினாள். வாழ்க்கையில் முதல் முறை. நிறம் நன்றாக இருக்கிறதே என்று வாங்கியதாகச் சொல்வாள்.

எப்படிச் செய்வது என்று யாரையும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே சமையல்தான். வஞ்சிரத்தைத் துண்டு போடுகிற மாதிரி பீட்ரூட்டைக் கனமான வட்டங்களாக நறுக்கி, புளி கரைத்து, மிளகாய்த்தூளை அள்ளிப்போட்டு மீன் குழம்பாகவே வைத்துவிட்டாள். வீட்டில் ஒருவரும் தொடவில்லை. அவளுடைய அண்ணன்மார் சிரித்த சிரிப்பில் ரோஷம் வந்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்து அப்பாவிடம் சண்டைக்கு நின்றாள்.

"இன்னாய்யா கெயங்கு விக்கிற நீ? குயம்பு பூரா ரத்தமா கீது, இனிச்சிகினு வேற கீது" என்றாளாம்.

அப்பா சட்டியை வாங்கினார். கடைக்குள் போய்த் தன் மத்தியானச் சோற்றை எடுத்துவந்து, எடைத்தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே அந்தக் குழம்பை ஊற்றி முழுக்கச் சாப்பிட்டார். சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான், இதை இப்படிச் செய்யக் கூடாது, பொடியாக நறுக்கி, தண்ணீர் சும்மா தெளித்து, கடைசியில் தேங்காய் துருவிப் போட வேண்டும் என்று சொன்னார். அந்தக் குழம்பைச் சாப்பிட்ட அழகைப் பார்த்தே முடிவு பண்ணிவிட்டேன் என்று அம்மா பின்னாளில் பெருமையாகச் சொல்வாள். இரண்டு பக்கத்திலும் எதிர்ப்பு இருந்தது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, நான் பிறந்த பிறகுதான் ஊரிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். ஆனால் அம்மா அதற்குள் பொரியலில் கை தேர்ந்துவிட்டாள். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கை நிறையத் தேங்காய்ப்பூ, கல் உப்பு. எனக்குப் பிடிக்காது என்றாலும் சொல்கிறேன், அவள் பண்ணுகிற மாதிரி யாரும் பண்ணியதில்லை.

எங்கள் பக்கத்தில் யாருக்கு உடம்பு வெளுத்திருந்தாலும் டாக்டர் எழுதிக்கொடுக்காமலே வாங்கும் முதல் மருந்து பீட்ரூட்தான். பிள்ளைத்தாய்ச்சிகள் வருவார்கள், ஆபரேஷன் முடிந்தவர்கள் வருவார்கள். சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்பாவும் அதைச் சொல்லியே விற்பார். எதிர்வீட்டு லாரி டிரைவர் ஒருமுறை அப்பா பேச்சைக் கேட்டு ராத்திரி ஒரு தட்டு நிறைய பீட்ரூட்டைத் தின்றுவிட்டு, காலையில் சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்து, கதை முடிந்தது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். போகிற வழியில் கடைக்கு முன்னால் நின்று அப்பாவிடம் அழுதாராம். அப்பா சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு கீழே விழுந்தது. அந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவருக்கே சிறுநீரகம் போனது. சர்க்கரை நோய் ரொம்ப நாளாகவே இருந்தது. அதை ஒரு நோயாகவே அவர் மதித்ததில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் காட்டினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் என்றார்கள். கொஞ்ச நாளில் சிறுநீர் போவதே நின்றுவிட்டது. லாரி டிரைவர் கதையை அதற்கப்புறம் அவர் யாருக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்வதற்கு ஒரு மேடம் இருந்தார். அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். உப்பு ரொம்பக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீர் கூடாது, தேங்காய் கூடாது, கீரை கூடாது. காய் எதுவானாலும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். காயில் இருக்கும் பொட்டாசியம் அவருக்கு விஷம், இதயத்தை நிறுத்திவிடும் என்றார். பீட்ரூட் சாப்பிடலாமா என்று அப்பா குறுக்கே கேட்டார். வேண்டாம் என்றார் மேடம். அப்பாவின் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, ரொம்ப ஆசைப்பட்டால் எப்போதாவது, இரண்டு தடவை வேகவைத்து இரண்டு தடவையும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு ஸ்பூன் என்றார்.

விஷம், இதயத்தை நிறுத்திவிடும் என்ற இரண்டும் அம்மாவின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டன. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் வடிதட்டு காயவே இல்லை. அவரைக்காயை வடித்தாள், கத்தரிக்காயை வடித்தாள். அப்பா முகம் தொங்கிப்போகும் நாளில் பீட்ரூட்டையும் இரண்டு தடவை வேகவைத்து வடிப்பாள். முதல் தண்ணீர் கொட்டும்போது சிங்க் முழுக்கச் சிவந்து போகும். நான் கல்யாணமாகி வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். டயாலிசிஸ் நாளில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வரும்போதெல்லாம் அந்தச் சிவப்பைப் பார்ப்பேன். பார்க்கப் பிடிக்காமல் குழாயைத் திறந்துவிடுவேன்.

உப்பு ஜாடி பரணுக்குப் போய்விட்டது. தனக்காவது கொஞ்சம் உப்புப் போட்டுக்கொள் என்றால் கேட்கமாட்டாள். அவருக்குத் தெரியாமல் ருசியாகத் தின்றால் தொண்டையில் இறங்காது என்பாள். அவர் தின்பதையே அவளும் தின்றாள். நாலு வருஷம் அப்படித்தான் போயிற்று. எனக்குக் கோபம் கோபமாக வரும், யார் மேல் என்று தெரியாத கோபம்.

வடித்த பீட்ரூட் எப்படியிருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு போய், பழுப்பு ரோஸாய், ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். இனிப்பு இருக்காது. மண் வாடை கூட இருக்காது. அப்பா அதை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் என்னைய மாதிரி வெளுத்துப் போச்சுட்டி" என்று என்னிடம் சிரிப்பார். உண்மைதான். அவருக்கு ரத்தம் எப்போதும் குறைவாகவே இருந்தது. அதற்கு ஊசி போட்டார்கள். தெருவுக்கே ரத்தம் ஊறும் என்று பீட்ரூட் விற்றவர், தனக்கு ரத்தம் இல்லாதபோது அதைத் தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தார். இதைவிட ஒரு கேலியை எந்தக் கடவுள் யோசித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் மேல் பிரியம் இருந்தது, அதனால் தொந்தரவும் இருந்தது. அம்மாவின் சிநேகிதி ஒருத்தி, கூடவே மீன் விற்றவள், ஒருநாள் பிளாஸ்க் நிறைய பீட்ரூட் ஜூஸ் போட்டுக்கொண்டு வந்தாள். ஆள் இப்படி வெளுத்துக் கிடக்கிறாரே, பொண்டாட்டி ஒரு ஜூஸ் போட்டுக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டபடி டம்ளரில் ஊற்றியும் விட்டாள். அப்பா டம்ளரைக் கையில் வாங்கிவிட்டார். அம்மா உள்ளேயிருந்து வந்து, கையிலிருந்து அதைப் பிடுங்கி வாசலில் கொட்டினாள். பிளாஸ்க்கையும் கவிழ்த்தாள். அந்தச் சிநேகிதியைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசி அனுப்பினாள். வாசல் சிமெண்டில் அந்தக் கறை மழை வரும்வரை இருந்தது. அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு ரொம்ப நாள் பேசிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரே ஒரு நாள், வடிக்காமல், உப்புப் போட்டு, தேங்காய் துருவிப் போட்டு, முன்னே செய்வாயே, அந்த மாதிரி ஒரு தட்டு செய்து கொடு என்றார். அவர் வாழ்நாளில் அம்மாவிடம் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஒடம்பு தேறட்டும்யா" என்றாள் அம்மா. "நானே செஞ்சு போடறேன். தண்ணி வடிக்க மாட்டேன், உப்பு, தேங்கா எல்லாம் போட்டு. சத்தியமா."

உடம்பு தேறாது என்று மூன்று பேருக்கும் தெரியும். அப்பா சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை.

ஆஸ்பத்திரி இல்லாத நாளில் அவரைக் கடையில் கொண்டுபோய் உட்காரவைப்போம். மூட்டை தூக்க ஆள் போட்டிருந்தோம். ஆனால் பீட்ரூட்டை வெட்டி வைப்பது மட்டும் அவர் வேலையாகவே இருந்தது. ஒருநாள் வயிற்றுப்பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். டாக்டர் ரத்தம் கம்மி என்று சொல்லிவிட்டாராம். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து, குவியலைக் கிளறி, வால் மெலிந்த சின்னச் சின்னக் காயாக அவளுக்குப் பொறுக்கிக் கொடுத்தார். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னார். பொடியாக நறுக்கணும், தண்ணி சும்மா தெளிக்கணும், தேங்காய் நிறையப் போடணும். சொல்லும்போது அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் போன பிறகு, வெட்டிவைத்த பீட்ரூட்டின் காய்ந்த முகத்தைச் சீவிவைத்தார். விரல் சிவந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அந்த விரலை வாயருகே கொண்டுபோகவில்லை. குடத்துத் தண்ணீரை மொண்டு கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் பார்க்கிறேன் என்பதற்காக அல்ல, அம்மாவுக்காக. அன்றைக்கு அவர் விரலைச் சப்பியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஒரு காலையில் டயாலிசிஸுக்குக் கிளம்ப அம்மா எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்தோம். நான் அழுதேன், தெரு அழுதது. பிளாஸ்க் கொண்டுவந்த சிநேகிதி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா மட்டும் அழவில்லை. நேரத்துக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், நேரத்துக்குத் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருந்தவள், திடீரென்று வேலை நின்றுபோனவளாக, எங்கே உட்காரவைத்தாலும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரியப்பா ஊரிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டார். தம்பியை விட மூத்தவர், கையில் துண்டை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடியே இருந்தார். காரியத்துக்கு முதல் நாள் கூடத்தில் உட்கார்ந்து படையலுக்கு என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். வாழைக்காய், சேனை, அவரை, கத்தரிக்காய், பூசணி. பீட்ரூட் என்றேன் நான்.

"இங்கிலீஷ் காய் இலையில வைக்கக் கூடாதுட்டி. நாட்டுக்காய்தான் அவனுக்குப் போய்ச் சேரும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்பா ஆயுள் முழுக்க விற்றதே இங்கிலீஷ் காய்தான், அதை விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார், அதெல்லாம் சேர்ந்தது, இது மட்டும் சேராதா என்று கத்திவிட்டேன். பெரியப்பா கோபப்படவில்லை. வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார். தம்பிக்குப் போய்ச் சேராமல் போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் நிஜமாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் ஆறிவிட்டது.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா வாயைத் திறந்தாள்.

"எங்க குப்பத்துல, செத்தவங்களுக்கு எது உசுரோ அத்தான் வெப்போம் மாமா. எங்க நைனாவுக்கு சுருட்டு வெச்சோம். இவரு கேட்டது ஒரே ஒரு பொரியலு. நான் குடுக்கல."

பெரியப்பா துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டை எடுத்துவிட்டு, அவன் இலை, அவனுக்குப் பிடித்ததை வையுங்கள் என்றார்.

மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தெருமுனையில் வாங்கியிருக்கலாம், போனில் தட்டினால் வாசலில் கொண்டுவந்து போட ஆள் இருக்கிறது. ஆனால் அப்பா கடைசியாக இறக்கிய மூட்டை உள்ளே இருந்தது. ஷட்டரைத் தூக்கியதும் அழுகல் நாற்றம் அடித்தது. தக்காளி தண்ணீராகிவிட்டிருந்தது, கீரை கறுப்புக் கூழாகக் கிடந்தது. பீட்ரூட் மூட்டை மட்டும் உயிரோடு இருந்தது. இருட்டுக்குள்ளேயே ஒவ்வொரு கிழங்கும் தலையில் துளிர்விட்டிருந்தது. ரத்தச் சிவப்பில் மெல்லிய காம்பு, நுனியில் வெளிறிய மஞ்சள் இலை. ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் வரும் இடுக்கைப் பார்த்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. விற்கிறவர் போய்விட்டார், உங்களுக்கு மட்டும் என்ன அவசரம் என்று அதன் மேல் ஆத்திரம் வந்தது. பிறகு அங்கேயே மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் அழ முடியாது, அம்மா பார்ப்பாள்.

தோல் சுருங்காத காயாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். மற்ற சமையலையெல்லாம் உறவுக்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். பீட்ரூட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றுவிட்டாள் அம்மா. அவள் எழுந்து சமையலறைக்குள் போனதே எல்லோருக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது. துளிரைக் கிள்ளி, தோல் சீவி, அப்பாவுக்குப் பிடித்த மாதிரி பொடிப்பொடியாக நறுக்கினாள். கை முழுக்கச் சிவப்பு. முகத்தில் பழைய மும்முரம் திரும்பியிருந்தது. என்னைத் தேங்காய் துருவச் சொன்னாள். பரணிலிருந்து உப்பு ஜாடியையும் இறக்கி வைத்துவிட்டு, தேங்காயையும் துருவியையும் எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தேன்.

ஒரு மூடி முழுக்கத் துருவினேன். அப்பாவுக்கு நாலு வருஷம் கிடைக்காத தேங்காய், கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் துருவினேன். பெரியப்பா இலையை நுனி இடப்பக்கம் வருகிற மாதிரி போட்டுவிட்டு, எல்லாம் தயாரா என்று குரல் கொடுத்தார். கிண்ணத்தோடு உள்ளே போனேன்.

அம்மா சிங்க்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் வடிதட்டு. பக்கத்து அடுப்பில் பீட்ரூட்டை வேகவைத்த பெரிய சோற்றுப் பானை காலியாக இருந்தது. இரண்டாவது தண்ணீரையும் வடித்து முடித்துவிட்டாள். கடைசித் துளிகள் சொட்டும்வரை தட்டை லேசாகக் குலுக்கினாள், நாலு வருஷமாகக் குலுக்கின மாதிரியே. தட்டில் பீட்ரூட் பழுப்பு ரோஸாக, வெளிறிக் கிடந்தது. சிங்க்கின் ஓரமெல்லாம் சிவப்பு.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த தேங்காயைப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்திலிருந்த உப்பு ஜாடியைப் பார்த்தாள். அதன் பிறகுதான் தன் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இனிமே அவருக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?" என்று கேட்டாள்.

ஆகாது என்றேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மடியில் வடிதட்டு. மூலக்கொத்தளத்திலும் வராத அழுகை அப்போது வந்தது. சத்தமில்லாமல், தோள் குலுங்க, புடவை நனைய அழுதாள். தெருமுனையிலிருந்து வேறு பீட்ரூட் வாங்கி வருகிறேன், ஐந்து நிமிஷம்தான் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். இதைத்தான் தின்றுகொண்டிருந்தார், இதையே வைப்போம் என்றாள். கூடத்திலிருந்து பெரியப்பா நேரம் ஆகிறது என்று மறுபடி கூப்பிட்டார்.

வாணலியை வைத்துக் கடுகு தாளித்தேன். அம்மா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளுத்த பீட்ரூட்டை அதில் கொட்டிக் கிளறினாள். தேங்காயை முழுக்கப் போட்டாள். உப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தவள் வாணலிக்கு மேலே அப்படியே நின்றாள்.

"எவ்ளோடி போடணும்?" என்றாள். "கை மறந்துபோச்சு."